மாமாவின் தட்டில் விழுந்த வட்டம்

என் கல்யாண விருந்தில், பெண் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, “கை கழுவினியாடா?” என்று சத்தமாகக் கேட்டவர் அக்கா புருஷன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமாவுக்கு மருந்துச் சோதனைக்கூடத்தில் வேலை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, புது மருந்தில் தோய்த்த பொட்டளவு காகித வில்லைகளை மேலே வைப்பார். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழுந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்த தட்டுகள் என்னிடம் வரும். ஆட்டோகிளேவ் ஓட்டுவது நான்தான். பெரிய குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீராவியில் அவித்துக் கொன்ற பிறகுதான் எதுவும் குப்பைக்குப் போகும். அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

வருஷக்கணக்கில் வட்டமே விழவில்லை. “என் தலையில விழுற வட்டம் தட்டுல விழ மாட்டேங்குதே, மாப்ள,” என்று வழுக்கையைத் தடவுவார்.

போன மழைக்காலத்தில் வண்டியிலிருந்து விழுந்தார். காலில் கம்பி வைத்தார்கள். புண் சீழ் பிடித்தது. இருந்த மருந்தையெல்லாம் ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தச் சீழை எங்கள் கூடத்துக்கே அனுப்பினார்கள்.

மறுநாள் அவருடைய சீழிலிருந்த கிருமியைப் பரப்பிய தட்டில், புது மருந்து வில்லையைச் சுற்றி, நல்ல அகலமாக வட்டம். கூடத்தை நடத்தும் எங்கள் மேடம் அளந்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மருந்து இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காதது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கொஞ்சம் எடுத்து வந்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தாள்.

“பினாயில் ஊத்தினாக்கூடத் தட்டுல வட்டம் விழும், மாப்ள. அதை ஊசியில ஏத்துவியா?”

“சும்மா படுத்துக் கிடக்குறதுக்கு அது தேவலை, மாமா.”

“சரி, எவ்வளவு ஏத்துவே? சொல்லு.”

திரும்பிப் போய் மேடத்தைக் கேட்டேன். எவ்வளவு என்று யாருக்கும் இன்னும் தெரியாது என்று சொல்லிவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகு மாமாவுக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் என்னைக் கிட்டே வரச் சொன்னார். அக்காவைப் பார்த்துக்கொள் என்பார் என்று குனிந்தேன்.

“மேடம் பார்த்து முடிச்சதும் என் தட்டு உன்கிட்ட வரும். வேற ஆள்கிட்ட விடாதே. நீயே அவிச்சிடு. கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போ.”