மூலை உதிர்ந்த படிவம்

குண்டூசியின் தலையை மட்டும் இடுக்கியால் பிடித்து, தாள் அசையாமல், வந்த வழியே அதை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார். மூச்சை அடக்கியிருக்கிறார். ஊசி வந்ததும் தூக்கிப் போடாமல் பக்கத்திலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுகிறார். டப்பா நிறையத் துருப்பிடித்த குண்டூசிகள். பிறகு தாளில் ஊசி குத்தியிருந்த இரண்டு துளைகளையும், நடுவே ஓடும் பழுப்புக் கோட்டையும் அளவுகோல் வைத்து அளந்து, பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

ஆவணக் காப்பகத்தில் அவருக்குக் குண்டூசி மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். மூடிப்போன ஒரு மில்லைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக மூன்று மாதம் அந்த அறைக்குப் போய்வந்தேன். முதல் நாளே திட்டு வாங்கினேன். பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டுவிட்டேன். “எச்சில் தொட்டுப் புரட்டறதுக்கு இது என்ன சீட்டுக்கட்டா சார்?” என்றார். அதற்குப் பிறகு என் விரல்களை நானே காவல் காத்தேன்.

அறை நீளமானது, வெளிச்சம் குறைந்தது. மின்விசிறி உண்டு, ஆனால் தாள் பறக்கும் என்று போடுவதில்லை. இரும்பு அலமாரிகளில் சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள்: கலைந்துபோன சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், மில்லின் வருகைப் பதிவேடுகள், ஒரு டாக்டரின் நாற்பது வருடத்து டைரிகள். இறந்தவர்களின் வீட்டார் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடும்போது, மேடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே வாக்கியத்தைத்தான் சொல்வார். “எல்லாரும் கடைசில ஒரு பெட்டிதாங்க. சில பேருக்கு அரைப் பெட்டி.” ஆறுதலாக ஒரு சொல் எதிர்பார்த்தவர்கள் விழிப்பார்கள்.

வீட்டிலும் அவர் இப்படித்தானாம். வீட்டுக்குள் ஒரு குண்டூசி வரக்கூடாது. புதுச் சட்டை வாங்கினால் வாசலிலேயே பின்னை எடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று அவருடைய கணவர் என்னிடம் சொன்னார். மதியம் மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் அவர். “முப்பத்திநாலு வருஷமா ஒரு பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறா. நான் ரெண்டாவதுதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேடம் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியின் கதை இது. மேடம் வேலைக்குச் சேர்ந்த வருடம், மூடப்பட்ட ஒரு பிள்ளைகள் விடுதியின் காகிதங்கள் வந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்க்கைப் படிவம். அவற்றில் அறுபத்தொரு படிவங்களில் ‘கடிதம் ஒன்று இணைப்பு’ என்று எழுதி, பிள்ளையை விட்டுப்போன தாய் கொடுத்த கடிதத்தைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். பிள்ளை வளர்ந்து வெளியே போகும்போது கொடுப்பதாக ஏற்பாடு. கொடுத்தவர் யாருமில்லை. துரு தாளைத் தின்னும், ஊசிகளை எடு என்று புதுப்பெண்ணிடம் சொன்னார்கள். எடுத்தார். எடுத்ததோடு நின்றிருக்கலாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று படிவங்களையெல்லாம் ஒரு பெட்டியிலும் கடிதங்களையெல்லாம் இன்னொரு பெட்டியிலும் அளவு வாரியாக அடுக்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கடிதம் எதிலும் பெயர் இல்லை, தேதி இல்லை. எல்லாமே ‘கண்ணு’க்கு ‘அம்மா’ எழுதியது. படிவத்தில் இருப்பதோ தாயின் கைநாட்டு. யார் கையால் எழுதி வாங்கினார்களோ. அன்றைக்கு மேலதிகாரி அவரை எல்லார் முன்னாலும் பாராட்டினாராம்.

ஆறு வருடம் கழித்து ஒரு லாரி டிரைவர் வந்து தன் அம்மாவின் கடிதத்தைக் கேட்டபோதுதான் மேடத்துக்குத் தலையில் இடி விழுந்தது. அன்று தொடங்கிய அளவெடுப்பு இது. கடிதத்தின் துளைகளை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, ஒவ்வொரு படிவத்தின் மேலும் வைத்துப் பார்ப்பார். இரண்டு துளை, துருக் கோடு, மடிப்பு, எல்லாம் பொருந்தினால்தான் ஒப்புக்கொள்வார். விடுதியில் எல்லாவற்றையும் குத்தியது ஒரே குமாஸ்தா, மயிரிழைதான் வித்தியாசம். அலுவலக நேரத்தில் அதற்கு இடமில்லை, சாப்பாட்டு இடைவேளையில்தான். லாரி டிரைவரின் கடிதம் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டிருப்பவர் ஒரு தையல்காரம்மா. வயது அறுபத்துமூன்று. கழுத்தில் அளவு நாடா தொங்கும். கழற்ற மறந்தே வருவார். “இன்னும் எத்தனை மேடம்?” என்று மட்டும் கேட்பார். அவருடைய படிவத்தில் ஊசி குத்திய மூலையே துருவில் உதிர்ந்து போயிருந்தது. பொருத்திப் பார்க்கத் துளை இல்லை. மற்றவை எல்லாம் சேர்ந்த பிறகு மிஞ்சுவது அவருடையது என்று மேடம் சொல்லியிருந்தார். பதினொன்று, ஏழு, நான்கு என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை படிக்கட்டில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “எங்கம்மா என்னை வேணாம்னு விட்டுட்டுப் போச்சா, வழியில்லாம விட்டுட்டுப் போச்சா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் சார்.”

மேடம் ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. மீதியை ‘அடையாளம் தெரியாதவை’ என்று எழுதிக் கட்டிவிடுமாறு அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மேடம் ஐம்பத்தொன்பதாவது கடிதத்தைச் சேர்த்தார். மகிழ்ச்சியாக இருப்பார் என்று பார்த்தால் முகம் செத்துக் கிடந்தது. “மூலை உதிர்ந்த படிவம் ஒண்ணு இல்ல சார், ரெண்டு. கடைசில ரெண்டு கடிதம் மிஞ்சும்னு எனக்கு அப்பவே தெரியும். அந்த அக்காகிட்ட சொல்ல வாய் வரல” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் ஒருத்தியை நடக்க வைத்திருக்கிறார். ஆனால் அந்த நோட்டின் பக்கங்களைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் நிற்கவில்லை.

மறுநாள் தையல்காரம்மா வந்தார். மேடம் இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா நிதானமாகப் படித்தார். ஒன்றில், ‘மழையில் நனையாதே கண்ணு. கையில் நாலு காசு சேர்ந்ததும் வந்து கூட்டிப்போகிறேன்’ என்று இருந்தது. மற்றதில் இரண்டே வரி. ‘அம்மா என்று ஒருத்தி இருந்தாள் என்று நினைக்காதே. என்னைத் தேடி வராதே.’

“உங்களுக்கு எது என்னோடதுன்னு தோணுது?”

“தோணுறதை வச்சு சொல்லக்கூடாதுக்கா.”

“இன்னொண்ணு யாருக்கு வந்தது?”

“ஒரு சின்னப் பொண்ணு. விடுதிக்கு வந்த வருஷமே காய்ச்சல்ல போயிடுச்சு.”

“அப்ப அதைக் கேட்டு யாரும் வரப்போறதில்ல.” அந்த அம்மா அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “ரெண்டையும் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க மேடம். நானே வச்சுக்கறேன்.”

மேடம் நகல் எடுத்து வந்து நீட்டினார். “அக்கா, பெட்டியே கலைஞ்சு வந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு இருந்தேன்ல. பொய். ஊசியை எடுத்துப் பிரிச்சது நான்தான். வேலைக்கு வந்த புதுசு.”

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். மன்னிக்கிற பார்வையாக எனக்குத் தெரியவில்லை. பிறகு நகல்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேசையின் குறுக்கே தள்ளினார்.

“பிரிச்ச கையாலயே சேத்துக் குடுத்துடுங்க.”

மேடம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். விரலால் கிளறிக் கிளறித் துரு குறைவான ஒரு குண்டூசியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தாள்களின் இடது மூலையில் குத்தினார்.