ஓடி வந்தவர்களின் ரத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி இருந்த ஷெட்டில் இப்போது யாரோ மோட்டார் பாகங்கள் செய்கிறார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் மனசு ஒரு நிமிடம் உள்ளே போய்விட்டுத்தான் வருகிறது. அந்தக் காலைகளுக்காக இன்னும் ஏங்குகிறேன்.

ரத்தத்தில் புரோலாக்டினை அளக்கும் கிட்டை அங்கேதான் உருவாக்கினோம். தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. பால் கொடுக்காத பெண்ணுக்கு அது கூடினால் கருத்தரிப்பது கஷ்டம்.

கிட்டைச் சரிபார்க்க ஆரோக்கியமான பெண்களின் ரத்தம் வேண்டும். எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண்களே சம்மதித்துக் கையை நீட்டினார்கள். கிட்டில் ரத்தத்தைச் சேர்த்ததும் மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஹார்மோன். பாதிப் பேருக்கு மேல் ஏறித் தொலைத்தது. கிட்தான் தப்பு, மூட்டை கட்டு என்றார் மேனேஜர். சண்டை போட்டேன். அந்த வயதில் எனக்குச் சண்டைக்கு ஆள் கிடைத்தால் போதும்.

ஒருத்திக்கு மட்டும் அது வெறும் நிறமாக இல்லை. ஆவடியிலிருந்து ரயிலில் வருபவள். கல்யாணமாகிக் குழந்தை இல்லையென்று வீட்டில் தினமும் பேச்சு.

"அக்கா, எனுக்கும் ஜாஸ்தியா கீதா?" என்று நேராகவே கேட்டாள்.

தலையாட்டினேன்.

"அப்ப மாமியார் சொல்றது நெசந்தான் போல."

மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் காலை மூச்சு வாங்க வந்து நின்றாள். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி தடதடக்கிறது. ரயிலை விட்டிறங்கி, பாலம் ஏறியிறங்கி, கம்பெனி கேட் மூடுவதற்குள் எல்லோரும் ஓடித்தானே வருகிறார்கள்! ஓட்டத்திலும் பதற்றத்திலும் புரோலாக்டின் ஏறும் என்று படித்திருந்தும் இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. வந்ததும் வராததுமாக ஊசி குத்தினால் வேறென்ன வரும்?

அவளை உட்கார வைத்து ஃபேனைப் போட்டேன். அவள் தன் தங்கச்சி கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் ரத்தம் எடுத்தேன். மஞ்சள் வெளிறியே நின்றது. மற்றவர்களையும் அப்படியே உட்கார வைத்து எடுத்தோம். கிட் பிழைத்தது.

இது ஒன்று சரியென்றால் எல்லாம் சரியென்று அர்த்தமில்லை, நீயும் புருஷனும் இரண்டு பேருமே டாக்டரைப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னேன்.

"இத்த ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கா. மாமியாருக்குக் காட்டணும்."

உருவாக்கத்தில் இருக்கும் கிட்டின் முடிவை எழுதிக் கொடுக்கக் கூடாது. வாய் கூச அதைச் சொன்னேன்.

"அப்ப நீயே ஊட்டுக்கு வந்து வாயால சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமியார் டீ கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவள் கதவோரமாக நின்றாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த மகன் பக்கம் மாமியார் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னாடா, காதுல உழுந்துதா? நீ எப்பப் போயி டாக்டரப் பாக்கப் போற?"