கோபுரங்கள் எரிந்த மாலையில் நைனா

பழைய மில்காரர்களுக்கென்று நமக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் முருகன் படமும் தவிர அதில் பெரும்பாலும் வேறு எதுவும் வராது. போன வியாழக்கிழமை காலை, திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் டீயும் கையுமாக நின்றபோது அதில் ஒரு வரி வந்தது. "நம்ம டிவி நைனா காலமாயிட்டாரு." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். யாரோ ஒருவர் அவசரத்தில் சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டு, பிறகு அழித்திருந்தார். என் பங்குக்கு நானும் இரண்டு கைகளை அனுப்பினேன். டீ அப்படியே ஆறிப்போனது.

முனிரத்தினம் என்ற அவருடைய பெயர் நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நம் மில் தொடங்கிய நாளிலிருந்து ஸ்கிராப் யார்டு மேஸ்திரி அவர்தான். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். அதனால் எல்லோருக்கும் நைனா. முன்னால் இருக்கிற 'டிவி' பிறகு நாம் ஒட்டியது. அது எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

அந்த யார்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடுகிற மில் அது. நான் கேட் பக்கத்தில் லாரிகளை எடைபோடும் குமாஸ்தா. நைனாவின் வேலை, உலைக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு குவியலையும் தட்டிப் பார்ப்பது. வாய் மூடிய குழாய், பழைய சிலிண்டர், வெடிக்காத குண்டு என்று மூடிக் கிடக்கிற எது உலைக்குள் விழுந்தாலும் வெடித்துவிடும். தன் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார். "தட்டினா பதில் சொல்லும் சாமி. சொல்லலன்னா உள்ள இன்னாவோ கீது" என்பார். பாதி வேலையில் தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கம்பியைக் குவியலில் நட்டுவிட்டுத்தான் போவார். கம்பி நிற்கிற குவியலை யாரும் தொடக் கூடாது. கம்பி இல்லையென்றால் கிரேன்காரர் அள்ளிக்கொள்ளலாம். யார்டில் அது எழுதாத சட்டம்.

உலகத்தில் நடந்த எல்லாமே கொஞ்ச நாள் கழித்து நைனாவின் காலடியில் வந்து விழுந்தது. சோவியத் யூனியன் உடைந்து சில வருடத்தில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துப் போட்ட கப்பல் தகடுகள் வந்தன. வளைகுடாச் சண்டைக்குப் பிறகு வந்த லோடுகளில் தகட்டு மடிப்புகளுக்குள் மணல் இருந்தது. நைனா அதை விரலால் வழித்து எடுத்து, "நம்ம பழவேற்காட்டு மணலாட்டமே கீது பாரு சாமி" என்று என் உள்ளங்கையில் கொட்டினார். குண்டு துளைத்த கதவு, தண்டவாளத் துண்டு, ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக் கால் என்று என்னென்னவோ வரும். மத்தியானச் சாப்பாட்டின்போது பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு அவர் சொல்வது ஒன்று உண்டு. "மொதல்ல பேப்பர்ல வரும். அப்பால நம்ம யார்டுக்கு வரும். வராம மட்டும் இருக்காது."

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, இரும்பு எடைபோடப் போனவன். யார்டில் என்னைச் 'சாமி' என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது. பதிலுக்கு நானும் எல்லோரையும் வம்புக்கு இழுப்பேன். நைனாவை இழுப்பதில் தனி ருசி. அவர் கோபப்படவே மாட்டார்.

அமெரிக்காவில் இரட்டைக் கோபுரத்தில் விமானம் மோதிய அன்று மாலை, ஆபீசில் கிரிக்கெட்டுக்காக வாங்கி வைத்திருந்த டிவியைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டோம். ஒரு கோபுரம் புகைந்துகொண்டிருந்தது. பேப்பர் படிக்கிற மனிதர் இதைப் பார்க்காமல் இருப்பதா என்று நான் யார்டுக்கு ஓடினேன். அவர் ஒரு குவியலில் பாதி தட்டியிருந்தார். வரச் சொன்னேன். "லோடு முடிச்சிட்டு வர்றேன் சாமி" என்றார். மறுபடி கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அப்போது எனக்கு விளையாட்டாக ஒரு பொய் வந்தது.

"மேனேஜர் உடனே வரச் சொல்றார் நைனா. ஏதோ கோபமா இருக்கார்."

அவர் முகம் மாறியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே வேகமாக வந்தார். ஆபீஸ் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், கம்பி அவர் கையிலேயே இருந்தது. கவனித்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அது எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"என்னா நைனா, கம்பியோட வந்துட்டீங்க? அமெரிக்காவையும் தட்டிப் பாக்கப் போறீங்களா?"

அறையே சிரித்தது. மேனேஜர் அங்கே இல்லை என்பதை அவரும் பார்த்துவிட்டார். "அடப்பாவி சாமி" என்று அவரும் சிரித்தார். திரும்பிப் போயிருப்பார், அந்த நேரம் பார்த்து இரண்டாவது விமானம் வந்து மோதியது. எல்லோரையும் போல அவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார். ஒரு பத்து நிமிடம் இருக்கலாம். பிறகு ஒரு பெரிய சத்தம். டிவியில்தான் கேட்கிறது என்று முதலில் நினைத்தோம். ஜன்னல் கண்ணாடி எங்கள் மேல் கொட்டிய பிறகுதான் அது நம் உலை என்று தெரிந்தது.

கிரேன்காரர் மேல் தப்பில்லை. கம்பி நிற்கவில்லை, அள்ளினார். உள்ளே போனது என்னவென்று யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ச் சண்டையிலோ வெடிக்காமல் மிச்சமான குண்டு என்று சிலர் சொன்னார்கள். உலை மேடையில் நின்ற இரண்டு பேர் போனார்கள். ஒருவன் ஏழுமலை, கவரைப்பேட்டைப் பையன். நைனாவின் மகன் பாபுவுக்கு உயிர்த் தோழன். நைனாவே சொல்லி வேலைக்குச் சேர்த்தவன். இன்னொருவன் பீகாரிலிருந்து வந்திருந்த சுரேந்தர். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அமெரிக்காதான். நம் இரண்டு பேருக்கு அதில் எங்கும் இடமில்லை.

விசாரணையில் நைனாவைக் கேட்டார்கள்: வேலை நேரத்தில் இடத்தை விட்டு ஏன் போனாய்? நான் நாலடி தள்ளி, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் மாதிரி நின்றேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள் ஆகியிருந்தது. "டிவி பாக்கப் போனேன் சார்" என்றார். யார் கூப்பிட்டது? "யாரும் கூப்புடல. நானாத்தான் போனேன்." மேஸ்திரி வேலையைப் பிடுங்கி, கம்பியை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை யார்டு கூட்டும் வேலைக்குப் போட்டார்கள். அன்று சாயங்காலம் கேட்டருகே அவரைப் பார்த்தேன். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "ரெண்டு ஊடு இருண்டு போச்சு. மூணாவது எதுக்கு சாமி?" அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

டிவி நைனா என்ற பெயர் அந்த வாரமே வந்துவிட்டது. முதலில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் சொல்லும்போது நான் மட்டும் சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து, அந்தக் கோபுரங்களின் இரும்பு கப்பலில் சென்னைக்கு வந்திறங்கியதாகப் பேப்பரில் போட்டார்கள். நமக்கு வந்த லோடில் அது இருந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் யார்டு முழுக்க அதே பேச்சு. எடைமேடையில் லாரி நிற்கும்போது நைனா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். தடித்த ஓர் உத்தரம் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"இதப் பாக்கத்தான சாமி போனேன்" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா இங்கியே வந்து நின்னிருக்கும்."

 டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் எடைச் சீட்டை எழுதினேன்.

அடுத்த வருடம் மகாளய அமாவாசையன்று திருவள்ளூரில் கோயில் குளத்தங்கரைக்குப் போயிருந்தேன். என் அண்ணா அங்கேதான் தர்ப்பணம் செய்து வைக்கிறார். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார். "உங்க மில்லுன்னு சொல்றார், இவரைத் தெரியுமோ நோக்கு?" நைனா ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வந்து பஸ் மாறி, விடிவதற்குள் வந்திருக்கிறார். தன் அப்பா, தாத்தாவுக்கு முடித்துவிட்டு, உறவில்லாத இரண்டு பேருக்கும் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை, சுரேந்தர். சுரேந்தருக்கு அப்பா பேர் என்ன என்று அண்ணா கேட்டார். "தெரியாது சாமி. கேட்டு வச்சுக்கல" என்றார் நைனா. அப்பா பேர் தெரியாதவர்களுக்குச் சொல்கிற விதத்தில் அண்ணா மந்திரத்தைச் சொல்லி முடித்தார். இரண்டு பேரையும் சாகக் கொடுத்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்று அண்ணாவுக்குத் தெரியாது. நைனாவுக்குத் தெரியும். எழுந்து போகும்போது, "நாஷ்டா துன்னியா சாமி?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்த அமாவாசைக்கு நான் குளத்தங்கரைப் பக்கம் போவதில்லை. அவர் போன வருடம் வரை வந்தார் என்று அண்ணா சொன்னார்.

கடைசி நாட்களில் அவருக்கு நுரையீரல் முழுக்கப் போய்விட்டது. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். யாரிடம் சொல்வது? அவருக்குத் தெரியாததா? சொல்ல வேண்டியது மற்றவர்களிடம். அந்தத் தைரியம் இல்லாமல், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பால் தெளிப்பு முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி நந்தினி ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு தாளை எடுத்து வந்து காட்டினாள். தாத்தா பாட்டி காலத்தில் நடந்த உலக நிகழ்ச்சிகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. ஒரு பக்கம் நிகழ்ச்சி, எதிரே 'அப்போது அவர் எங்கே இருந்தார்?' என்று ஒரு கட்டம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். நிலாவில் மனிதன் இறங்கியது: வேர்க்கடலைக் கொல்லையில், பக்கத்து வீட்டு ரேடியோ. பங்களாதேஷ் போர்: சென்னையில், மூட்டை தூக்கிக்கொண்டு. சுனாமி: யார்டில். கொரோனா: வீட்டில். கோபுரத் தாக்குதலுக்கு எதிரே மட்டும் இப்படி இருந்தது: 'இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.'

"ஏன் அங்கிள் இப்டி எழுதச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"மேனேஜர் கூப்பிடறார்னு பொய் சொல்லி நான் கூட்டிண்டு போயிட்டேன்மா."

இருபது வருடத்துக்கு மேல் தொண்டையில் நின்றது, ஒரு குழந்தையிடம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே பாபு நின்றிருந்தான்.

ஏழுமலை செத்த நாளிலிருந்து பாபு தன் அப்பாவோடு பேசவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீடு, ஒரே சமையல். கடைசி வரை ஒரு வார்த்தை கிடையாது. வேடிக்கை பார்க்கப் போய் என் சினேகிதனைக் கொன்றவர் என்பது அவன் கணக்கு. அதைத் திருத்த நைனா முயலவே இல்லை. ஆஸ்பத்திரியில் பாபு கட்டிலருகே நிற்காமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

அவன் என்னைத் திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு வாரம் முந்தி சொல்லிருக்கலாமே சார்" என்றான். "கடைசி நாள் ராவிக்கு தண்ணி கேட்டாரு. காதுல வுழாத மாரி படுத்துக்குனு இருந்தேன்."

நந்தினி அந்தத் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நண்பர்களே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை, இனி யாரிடம் கேட்டு என்ன? இனிமேல் அவரை முனிரத்தினம் என்று சொல்லுங்கள், அது போதும். நம் யார்டில் இப்போது வேறு முதலாளி, வேறு ஆட்கள். காந்தக் கிரேன் வந்துவிட்டது. நின்று தட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கெங்கோ சண்டை நடப்பதாகத் தினமும் பேப்பரில் வருகிறது. அதுவும் ஒருநாள் அங்கே வந்து இறங்கும்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். போட்டோகூடக் கிடையாது. ஆபீஸ் வாசலில் கம்பியோடு நின்று, "அடப்பாவி சாமி" என்று அவர் சிரித்தாரே, அது இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.