யோகேஸ்வரி மன்னிக்கவில்லை

யோகேஸ்வரி போய்விட்டாள் என்ற செய்தி, இத்தாலியில், பலெர்மோ நகரின் பல்லாரோ சந்தையில் நான் மீன் வாங்க நின்றபோது வந்தது. புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள்தான். என்றாலும் மீனை வாங்காமலே திரும்பிவிட்டேன். செத்தவீட்டில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட வீட்டுக்காரர் அவளைச் சொந்த மகள் மாதிரி வைச்சிருந்தவை." அவளை அறிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில், அந்த அண்ணனை நம்பி பலெர்மோவுக்கு வந்தாள். கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு பெரிய வீட்டில் அவளை வேலைக்கு விட்டார். வீட்டு எசமானியான சிஞ்ஞோரா அவளுடைய பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சம்பளம் கொடுக்கவில்லை, தனியே வெளியே போகவும் விடவில்லை. சிஞ்ஞோராவின் புருஷனான வீட்டுக்காரன் சமையலறையில் யோகேஸ்வரியை உரசிக்கொண்டு நிற்பான். அவள் உடை மாற்றும்போது கதவைத் திறப்பான். அவள் இரவில் கதவுக்கு முன்னால் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டுப் படுப்பாள்.

பக்கத்து வீட்டில் நான் வேலை செய்தேன். துணி காயப்போடும்போது மதிலோரம் கதைப்போம். "அக்கா, அந்தாள் வீட்டிலை நிக்கேக்கை எனக்குச் சோறு இறங்குதில்லை" என்றாள்.

அண்ணனிடம் சொன்னாள். "கொஞ்சம் பொறு. என்ரை பெயரைக் கெடுத்துப்போடாதை" என்றார். பிறகு சிஞ்ஞோராவிடம் சொன்னாள். சிஞ்ஞோரா நோயில் கிடந்தபோது கழுவித் துடைத்துப் பார்த்தவள் என்பதால் தன்னை நம்புவாள் என்றிருந்தாள். சிஞ்ஞோராவோ அவளை மேலும் கீழும் பார்த்து, "நீ ஏன் இப்படி உடுக்கிறாய்?" என்று கேட்டாள்.

"அவவுக்கு முதலே தெரியும் அக்கா. தெரிஞ்சுகொண்டுதான் என்னை இஞ்சை வைச்சிருக்கிறா" என்று மதிலோரம் என்னிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிறு மதியம் விருந்தாளிகள் இருந்த மேசையில் பரிமாறினாள். வீட்டுக்காரனின் கை அவள் இடுப்பில் விழுந்தது. தட்டை வைத்துவிட்டு, அரைகுறை இத்தாலியனில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கையை எடுங்கோ. என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ." விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தபிறகுதான் சிஞ்ஞோரா அலுமாரியைத் திறந்தாள். யோகேஸ்வரி அன்றே, நகர் நடுவே அல்பெர்கேரியாவில் நான் இருந்த வாடகை அறைக்கு வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தாள். அழவில்லை. "பசிக்குது அக்கா" என்றாள்.

கடைசிக் கிழமை அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் போனபின் என் கையைப் பிடித்தாள்.

"நான் அவரை மன்னிக்கேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு நான் செத்தபிறகு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"ஓம்" என்றேன். அவளுக்காக நான் காப்பது அவளிடம் கொடுத்த அந்த வாக்கு ஒன்றைத்தான்.