பனி ஏரியில் அண்ணனுக்காக

தென்துருவக் கரையை ஒட்டிய அந்தத் தீவில் மரம் கிடையாது, புல் கிடையாது. பாறையும் பனியும்தான். பனிமலை உருகி வழிந்த தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. எங்கள் ஊர் திண்டிவனத்து ஏரியின் மூலையில் அடங்கிவிடும். அதைத்தான் அங்கே ஏரி என்றார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்குக் குடிநீர் அதிலிருந்துதான். மேலே மூடிய பனிக்கட்டியைத் துளைத்து, மோட்டாரும் குழாயும் உறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

குளிர்காலத்தில் கப்பலும் வராது, விமானமும் வராது. அப்போதுதான் அம்மா போன் செய்தாள்.

"அண்ணன் போய்ட்டான்டா. விழுப்புரத்துலேர்ந்து வண்டியில வந்துக்கினு இருந்தான். பைபாஸ்ல லாரிக்காரன் அடிச்சிட்டான்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வர முடியாதுன்னு தெரியும். தலைக்காவது ஊத்திக்க. கூடப் பொறந்தவன்டா."

அன்று காலையிலிருந்தே குழாய் உறைந்து நிலையத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் ஏரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சமையல்காரர் கூடவே கிளம்பினார். கோட்டக்குப்பத்துக்காரர், துபாய் ஓட்டல்களில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தத் தீவில் என் பேச்சைப் பேசிய ஒரே ஆள்.

பனியைத் துளைத்ததும் தண்ணீர் கறுப்பாக மேலே வந்தது. ஒரு வாளி மொண்டேன்.

"பாய், இங்கயே ஊத்திக்கிறேன்."

"பேஜாரு ஆயிடும் தம்பி. எடுத்துக்கினு போயி காய்ச்சிக்கலாம்."

"சுடுதண்ணியில ஊத்திக்கினா மனசு ஆறாது பாய்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். தலையில் ஊற்றியது குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரக் கூடாது என்று கரையை விட்டுத் தள்ளி, பாறை மறைவுக்குப் போனோம். தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டி போட்டேன். ஏதோ ஓதிக்கொண்டே அவர்தான் ஊற்றினார். மூச்சு நின்றது. அழ நினைத்தேன், வாய் கோணிக்கொண்டதே தவிர அழுகை வரவில்லை. துண்டால் துடைப்பதற்குள் முடி உறைந்து கட்டியாகிவிட்டது.

"ஜல்தி, ஜல்தி" என்று தன் மேல்கோட்டை என் தலையில் சுற்றி இழுத்துக்கொண்டு ஓடினார்.

நிலையத்து டாக்டர் எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். இடது காது கறுத்து, ஓரத்தை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. ஏரி வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் அண்ணனுக்குக் காரியம் நடந்தபோது நான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தேன்.

கோடையில் கப்பல் வந்த பிறகே ஊர் திரும்பினேன். அண்ணி பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பிறகு அவள்தான் கேட்டாள்.

"அன்னிக்கி அங்க பகலா, ராவா?"

"பகல்தான் அண்ணி. ஆனா சூரியன் வரல."

"இங்க அப்படி வெயிலு" என்றாள். "தார் ரோடு கொதிச்சிது. செருப்பு கூட போடாமத்தான் ஓடுனேன்."