வென்ற வழக்குக்கு வந்த ஒரே குழந்தை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியை ஒட்டிய பள்ளியொன்றில் தமிழ்வழிப் பிரிவை மூடலாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்ததை முன்னிட்டு, இந்த 2007 ஜூனில், பள்ளி திறக்கும் நாளன்று நாகர்கோவிலிலிருந்து அங்கு சென்றேன். வழக்குத் தொடுத்த பெற்றோருக்குத் தலைமை தாங்கியவன் என் சித்தப்பா மகன் முருகேசன். அதே கடைவீதியில் பருப்பு மொத்த வியாபாரி. என் பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எனினும், சட்ட நூல்களைத் தனியே பயின்று, மொழிச் சிறுபான்மையினர் உரிமையை அவனுக்கு விளக்கியவள் நானே.

காலை ஆறரை மணிப் பேருந்து. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கட்டணம் முப்பது ரூபாய். களியக்காவிளை தாண்டியதும் மழை. அருகிலிருந்த நெய்யாற்றின்கரைப் பெண்மணியிடம் தீர்ப்பை எடுத்துரைத்தேன். நீதிமன்றம் சொன்னால் போதுமா என்று மலையாளம் கலந்து கேட்டார்.

"கோடதி பறஞ்சா மதியோ சேச்சி? நாட்டுல ஆருக்கும் வேண்டாத்த காரியம்."

"எல்லாருக்கும் வேணும்னா கோர்ட்டு எதுக்கும்மா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிள்ளிப்பாலத்தில் இறங்கினால் பள்ளி பத்து நிமிட நடை. தம்பானூர் பேருந்து நிலையம் வரை சென்று ஆட்டோவில் திரும்புவது வீண்.

தமிழ்ப் பிரிவு வேண்டுவோர் தலைமையாசிரியையிடம் நேரில் கேட்க வேண்டும். எதிர்ப்பாளர்களைச் சந்திக்கும் ஆயத்தத்தோடு சென்றேன், எவருமே எதிர்க்கவில்லை. முருகேசன் மகளோடு மலையாளப் பிரிவின் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் வழக்குத் தொடுத்த ஏனையோர். அவனருகே சென்று காரணம் கேட்டேன்.

"அக்கா, கேசு நடத்துனது மானத்துக்கு. புள்ளைய அங்க இருத்துனா பாண்டி கிளாஸுன்னு சொல்லுவாவ. அவ நாளைக்கு இங்கதான ஜோலிக்குப் போணும்?" பாண்டி என்பது இங்கே தமிழரை இழித்துச் சொல்லும் பெயர்.

தமிழ்ப் பிரிவு கேட்டு வந்தவள் ஒருத்திதான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, முருகேசனின் கிடங்கில் பருப்புப் புடைக்கும் ரோஸ்மேரி. மகளைக் கையில் பிடித்திருந்தாள்.

"ஒன்னால எங்க எல்லாருக்கும் பாண்டின்னு பேரு வரணுமாட்டி?" என்றான் முருகேசன்.

"இப்ப மட்டும் தம்புரான்னா கூப்பிடுதாவ, மொதலாளி?"

வரிசை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நாளைக்குக் கெடங்குக்கு வராண்டாம்."

ரோஸ்மேரி மகளின் கையை விடவில்லை. "இவளுக்குத் தமிழ்லதான் கணக்கு ஏறுது" என்று எவரையும் பாராமல் சொல்லிவிட்டு, உள்ளே நுழைந்தாள். நானும் உடன் சென்றேன்.

தலைமையாசிரியை மலையாளி. "ஒரு குட்டிதானா? எனக்கு இது இஷ்டமில்ல, கேட்டோ. ஒரு டீச்சர், ஒரு ரூம், ஒரு குட்டிக்கு வேண்டி. பட்சே கோடதி பறஞ்சாச்சு. ஒண்ணு மதி, ஒரு பிள்ளை போதும்" என்றவர், தாமே எழுந்து குழந்தையை வகுப்பில் அமர்த்தினார்.

தீர்ப்பை விரும்பாதவர் அதற்குப் பணிந்தார். அதைக் கேட்டுப் பெற்ற நாங்கள் அதற்காக நாணினோம். பெரும்பான்மையின் கருத்துக்கு எதிராக நீதிமன்றம் நிற்கும் என்று நூல்களில் படித்திருந்தேன். எங்கள் கருத்துக்கு எதிராகவும் அது நிற்க நேரும் என்று எந்நூலும் எனக்குச் சொல்லவில்லை. மதிய உணவுக்கு முருகேசன் வீட்டுக்குச் செல்லாமல் ஊர் திரும்பினேன்.

பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோர் கவனத்திற்கு: சேர்க்கை வரும் வெள்ளிக்கிழமை வரை, பெற்றோர் ஒருவர் காலை பத்து மணிக்கு நேரில் வருதல் வேண்டும். முருகேசா, இதை நீ வாசிப்பாய் என அறிவேன். உன் மகளுக்கு அவ்வகுப்பில் இடமிருக்கிறது. ரோஸ்மேரிக்கு உன் கிடங்கிலும் இருக்க வேண்டும்.