அன்று அவர் எண்ணெய் தேய்க்கவில்லை

போன மழைக்காலத்தில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதன்பிறகு வாரத்தில் சில நாள் குளத்தூரிலிருந்து பஸ் ஏறி, அங்கே உடற்பயிற்சிக்குப் போய் வந்தேன். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, மெஷினில் நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ விடுவார்கள். நம் இதயத் துடிப்பு எதிரே திரையில் கோடாக ஓடும். தாளம் தப்பினால் மணி அடிக்கும்.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். பஸ்ஸில் என் ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கினால்தான் எனக்கு நிம்மதி. ‘ஆள் இறங்கணும்’ என்று சத்தம் கொடுக்க நாக்கு எழாது.

அந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் பூவார் கடற்கரையிலிருந்து ஒரு அண்ணன் வருவார். வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். இனி கடலுக்குப் போக முடியாது, கரையில் நின்று மீன் ஏலம் கூறவாவது போகவேண்டும் என்று ஆசை. பயிற்சியை ஒழுங்காக முடித்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷினில் நடந்துகொண்டே கடல் கதைகளாகச் சொல்வார்.

அவரால் ஒரு தொல்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவார். அந்த நெஞ்சில் ஸ்டிக்கர் எப்படி நிற்கும்? பாதி நடையில் வழுக்கும், கோடு கிறுக்கலாகும், மணி அடிக்கும். நர்ஸ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சோடு வந்து துடைத்து, வேறு ஒட்டிவிட்டு ஏசுவார்.

“எண்ணெ இல்லாத்த குளி ஒரு குளியா மக்கா? மழையில நனைஞ்ச கோழியில்லா அது” என்பார் அண்ணன்.

ஒருநாள் வராந்தாவில் காத்திருக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். ஏச்சு வாங்கி அலுத்துவிட்டதாம், இன்று எண்ணெயைத் தொடவே இல்லையாம்.

அவர் மெஷினில் கதை சொல்லிக்கொண்டே நடக்க, பக்கத்தில் நான் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மணி அடித்தது. கோடு கிறுக்கலானது. “இன்னைக்கும் எண்ணெயாக்கும்” என்று யாரோ சிரித்தார்கள். அந்தக் கோடியில் ஒருவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் சிரித்துக்கொண்டே பஞ்சை எடுக்கத் திரும்பினார்.

அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துச் சாய்ந்திருந்தார். ஸ்டிக்கர் ஒன்றுகூட விழவில்லை.

பஸ்ஸில் போலவே எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் சத்தம் எப்படி வந்ததோ, அந்தக் கூடமே திரும்பும்படி கத்தினேன்.

“எண்ணெ இல்ல! அண்ணன் இன்னைக்கு எண்ணெ தேய்க்கல்ல!”

நர்ஸ் ஓடிவந்து மெஷினை நிறுத்தவும் அவர் சரியவும் சரியாக இருந்தது. தரையில் கிடத்தினார்கள். டாக்டர் வந்து ஷாக் கொடுத்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிறுக்கல் நின்று, ஒரு துடிப்பு எழுந்தது. பிறகு இன்னொன்று.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் திறந்தார். “எவம்லே என் நெஞ்சில சவுட்டி மிதிச்சது?”

“நானாக்கும்” என்றார் டாக்டர். கூடமே சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

திருவனந்தபுரத்தில் அவர் தோளுக்குக் கீழே, தாளம் தப்பினால் தானே ஷாக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்தார்கள். சில வாரம் கழித்து அதே மெஷினில் வந்து ஏறினார். முழு நேரமும் நடந்தார், கோடு ஒருமுறைகூடத் தப்பவில்லை. இறங்கும்போது எல்லாரும் கைதட்டினோம். இப்போது பூவார் கரையில் அவர் ஏலம் கூறும் சத்தம் ரோடு வரை கேட்கிறதாம்.

சொல்லலாமா வேண்டாமா என்று தொண்டையில் நிற்கும் ஒரு வார்த்தை இன்னொருவரின் உயிராகவும் இருக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போதும் கூச்சம் போகவில்லை, ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.